கையில் ஒரு தொழில்: செம்புக் குழாயின் வாயை விரிப்போம்



1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அங்கும் 2009 வரை யுத்தம் அவர்களை விடவில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்குத் தையலும் கோழி வளர்ப்பும் மட்டும்தானா தொழில்? லயமானாலும் மீள்குடியேற்றக் கிராமமானாலும், குழாய் உடைந்தால் தூரத்திலிருந்து தண்ணீர் சுமப்பது நாம்தான். திருத்துவதற்கு மட்டும் டவுனிலிருந்து ஒருவர் வரவேண்டியிருக்கிறது. அந்த வேலையை நாமே பழகினால் என்ன?

நமது வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் பீவீசி. வளையும் செம்புக் குழாய் குளிர்சாதனப் பெட்டி, ஏசி வேலைகளில் வரும். பல வெளிநாடுகளில் தண்ணீருக்கும் பயன்படுகிறது. அதன் நுனியைப் புனல் வாய்போல் விரித்து, நட்டால் இறுக்கி இணைப்பார்கள்.

முதலில் குழாய் வெட்டியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிதளவு இறுக்கினால் போதும். இறப்பர் பால் வெட்டிய கைக்கு இது புதிதல்ல. அங்கே ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். இங்கே அவசரப்பட்டால் குழாய் நசுங்கும். வெட்டியபின் நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி விடுங்கள்.

அடுத்து நட்டைக் குழாயில் போடுங்கள். வாய் விரிந்த பிறகு அது ஏறாது. புதிதாகப் பழகுகிறவர்கள் மறப்பது இதைத்தான். பிறகு நுனி சற்றே வெளியே தெரியும்படி குழாயைப் பிடிகட்டையில் இறுக்குங்கள். கூம்புத் திருகில் ஒரு துளி எண்ணெய் தடவி மெல்லத் திருகுங்கள். விரிந்த வாய் ஒரே சீராக, வெடிப்பின்றி இருக்கவேண்டும். வெடித்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள். கடைசியில் இரண்டு ஸ்பானர்களால் இறுக்குங்கள். உலோகம் உலோகத்தில் படிந்தே கசிவை அடைப்பதால் டேப் சுற்றத் தேவையில்லை. ஏசிக்குக் காஸ் நிரப்பும் வேலையை மட்டும் பயிற்சியில்லாமல் தொடாதீர்கள்.

இதை வாசித்தால் போதாது, கையால் செய்து பழகவேண்டும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் குழாய் பொருத்துநர் பயிற்சி, குளிரூட்டல் பயிற்சி பற்றி விசாரியுங்கள். தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. அனுபவத்தால் வேலை தெரிந்தவர்கள், வகுப்புக்குப் போகாமலே திறமையைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது.

"இது ஆம்பிளைகள் வேலை" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், தயங்காமல் பதில் சொல்லுங்கள். பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே திரும்புங்கள்.