குடிசைக்குக் கொட்டேஷன் கிடையாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் போதும், கடலோர மாவட்டங்களுக்கு அறிவுரை மழையும் தொடங்கிவிடும். "வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டி வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் இப்படி அரசாங்கத்திடம் கையேந்த வேண்டியதில்லையே" என்பார்கள். ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது இவர்களின் முடிவு. இந்த முடிவு பொய் என்கிறோம் நாம். சேரியில் இல்லாதது விழிப்புணர்வு அல்ல. அங்கே இல்லாதது பட்டா, கான்கிரீட் கூரை, அந்தத் தெருவுக்குள் கால் வைக்கத் தயாராக உள்ள ஏஜெண்ட்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, கடலே தெரியாத ஆலங்குடியையும் கறம்பக்குடியையும் கீரமங்கலத்தையும் புரட்டிப் போட்டது. ஆகவே "கடலோரம்" என்பதைக் கடற்கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் அளக்க முடியாது. காற்று போகும் பாதையெல்லாம் கடலோரம்தான்.

அந்தப் புயலுக்குப் பிறகு அரசு போட்ட கணக்கைப் பாருங்கள். அப்போது நடப்பிலிருந்த பேரிடர் நிவாரண நிதி விதிப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். குடிசைக்கு 4,100 ரூபாய். மாநில அரசு கூட்டிக் கொடுத்து, முழுதாய்ச் சேதமடைந்த குடிசைக்கு 10,000 என்று அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் கூலியோடு சேர்த்து 1,100 ரூபாய். பத்து தென்னைக்கு 11,000. ஒரு குடும்பத்தின் வீட்டைவிடப் பத்து மரத்துக்கு மதிப்பு அதிகம்! தென்னை விவசாயிக்குக் கொடுத்தது அதிகம் என்று நாம் சொல்லவில்லை. காய்க்கும் மரத்தை இழந்தவனுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. ஆனால் அந்தத் தோப்பில் காய் வெட்டியவனுக்கும் மட்டை உரித்தவளுக்கும் மரத்தின் பேரில் ஒரு பைசா வரவில்லை. வீட்டின் பேரிலும் மரத்துக்குக் கீழான விலைதான்.

2022க்குப் பிறகான விதியில் தொகை மாறியது, பாகுபாடு மாறவில்லை. வீடு என்றால் 1,20,000, குடிசை என்றால் 8,000. பதினைந்து மடங்கு வித்தியாசம். அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு: சேதமடைந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு இந்தச் சான்றை யார் தருவார்?

சரி, அரசு இப்படி, சந்தை எப்படி?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருஹ ரக்‌ஷா" என்ற பொது வீட்டு பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆக்கியது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதற்குள் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், கேட்காமலே அந்தத் தொகையில் 20 சதவீதம் வீட்டுப் பொருட்களுக்கும் சேரும், அதிகபட்சம் 10 லட்சம் வரை. வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டிவிட்டீர்கள் என்று சொல்லி அந்த விகிதத்தில் இழப்பீட்டை வெட்டும் பழைய தந்திரத்துக்கும் இதில் இடமில்லை. காகிதத்தில் நல்ல பாலிசிதான். நாம் மறுக்கவில்லை.

எனவே முதலில், கையில் வரும் கொட்டேஷன் நியாயமானதா என்று பார்க்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். மொத்தப் பிரீமியத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆயிரம் ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு எத்தனை காசு என்று வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். மூன்றரை லட்ச ரூபாய் வீடு, ஆயிரத்துக்கு 40 காசு என்றால் 140 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 165 ரூபாய் 20 காசு. அதே வீட்டுக்கு இன்னொருவர் ஆயிரத்துக்கு 2 ரூபாய் போட்டால் வரியோடு 826 ரூபாய். இப்படி ஐந்து மடங்கு கேட்டால், ஐந்து மடங்கு என்ன கூடுதலாகத் தருகிறாய் என்று கேட்க வேண்டும். கூரையைக் காரணம் சொல்கிறாரா, கடலைச் சொல்கிறாரா, அல்லது நாம் கேட்காத இணைப்புகளைச் சேர்த்திருக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, காப்பீட்டுத் தொகை எதன் மேல் போடப்பட்டிருக்கிறது? கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவின் மேல்தான் போட வேண்டும். மனையின் சந்தை விலையைச் சேர்த்தால் அது வீண் பிரீமியம். புயல் மண்ணைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. மூன்றாவது, வேறு பெயரில் விற்கும் பாலிசி என்றால் புயலும் வெள்ளமும் உள்ளே இருக்கிறதா, இழப்பில் முதலில் எவ்வளவு தொகை நம் தலையில் விழும் என்று கேளுங்கள். புயலை வெளியே தள்ளிவிட்டு விலையைக் குறைத்த கொட்டேஷன் நம் மாவட்டத்துக்குக் குப்பைக் காகிதம். நான்காவது, வீட்டுக்கடன் கொடுக்கும் இடத்தில் "இங்கேயே பாலிசி எடுத்தால்தான் கடன்" என்பார்கள். வெளியே வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிளெய்ம் தராமல் இழுத்தால் நிறுவனத்துக்கே முதலில் எழுத்தில் புகார். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கிறார், வக்கீல் தேவையில்லை. ஆணையத்தின் உதவி எண் 155255. இந்த விவரங்களை ஒவ்வொரு குடியிருப்பிலும் சுவரில் எழுதி வைக்கலாம்.

இவ்வளவும் கொட்டேஷன் கிடைத்தவருக்கு. கொட்டேஷனே கிடைக்காதவருக்கு?

காப்பீட்டு ஆவணங்களில் "கச்சா கட்டுமானம்" என்று ஒரு வரையறை இருக்கிறது. ஓலை, புல், வைக்கோல், மூங்கில், மரப்பலகை, பிளாஸ்டிக், தார்ப்பாய் இவற்றால் ஆன சுவரோ கூரையோ இருந்தால் அது கச்சா. அந்தச் சொல்லுக்குள் விழுந்த வீட்டுக்குச் சாதாரண விலை கிடையாது. "ஓலை பறக்கும், எரியும், இது கணக்கு, இதில் சாதி எங்கே வந்தது?" என்று நம் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஓலை எரியும் என்பதில் சாதி இல்லை. ஓலைக்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து பட்டியல் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நிலம் இல்லாதவனுக்குப் பட்டா இல்லை. 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. ஆனால் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். பட்டா இல்லை என்றால் கான்கிரீட் இல்லை. கான்கிரீட் இல்லை என்றால் வீடு கச்சா. கச்சா என்றால் மலிவான பிரீமியம் இல்லை. புயல் வந்தால் அது வீடும் இல்லை, 8,000 ரூபாய்க் குடிசை. சாதி போட்ட முதல் கோட்டின் மேல் ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்கு ஒரு கோடு இழுக்கிறது. கடைசிக் கோட்டை இழுப்பவர் மட்டும் "நான் கணக்குத்தான் போட்டேன்" என்கிறார்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து வீட்டுக்கடனை மறுத்தார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் அதே பகுதிகளைக் கைவிட்டன. அவர்களும் அபாயக் கணக்கு என்றுதான் சொன்னார்கள். நகரக் கலவரங்களுக்குப் பிறகு 1968இல் அரசு அமைத்த குழு இந்தப் புறக்கணிப்பை வெளிப்படையாகப் பேசியது. மில்வாக்கி நகரம் தொடர்பான வழக்கில், வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வீட்டுக் காப்பீட்டுக்கும் பொருந்தும் என்று 1992இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நிறுவனத்தை எதிர்த்து நின்றது கறுப்பின மக்களின் அமைப்பு. கணக்கை நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே அந்தச் சிவப்புக் கோட்டை வரைபடத்தில் போடத் தேவையே இல்லை. ஊரும் சேரியும் ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கின்றன. காப்பீட்டு ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதிகள், நிறுவனங்களின் கிராமப்புறக் கடமையைக் கிராம ஊராட்சி அளவில் அளக்கச் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊராட்சி ஒன்று என்பதால் ஊர் ஒன்றாகிவிடுமா? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் மக்கள் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்த மாவட்டம் இது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு உலகம் இருப்பதை அந்தத் தொட்டி காட்டியது. பாலிசி இலக்கை ஊர்த் தெருக்களிலேயே நிரப்பிவிட்டு "ஊராட்சி முடிந்தது" என்று கணக்குக் காட்டலாம், தடுக்க ஒன்றுமில்லை. ஏஜெண்டின் கமிஷன் பிரீமியத்தில் ஒரு பங்கு. 165 ரூபாய்ப் பிரீமியத்துக்காக எந்த ஏஜெண்ட் காலனிக்குள் வண்டியை விடுவார்?

நம்மில் இன்னொரு சாரார், "காப்பீடே கார்ப்பரேட் சூழ்ச்சி, நிவாரணம் அரசின் கடமை, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?" என்கிறார்கள். நிவாரணம் அரசின் கடமைதான், அதை ஓர் அங்குலமும் விட்டுத்தர மாட்டோம். ஆனால் நிவாரணம் கணக்கெடுப்பவரின் கையில் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் பட்டியல் மக்கள் முகாம்களிலும் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டது ஆவணமாகவே இருக்கிறது. பாலிசி ஓர் ஒப்பந்தம். அதைக் காட்டிக் கேட்கலாம், வழக்குப் போடலாம். தயவுக்கு வழக்கு இல்லை. அதனால் நாம் இரண்டையும் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. கடலோர, டெல்டா மாவட்டங்களில் உள்ள எல்லாப் பட்டியல், பழங்குடிக் குடியிருப்பு வீடுகளுக்கும் மாநில அரசே பிரீமியம் கட்ட வேண்டும். நாகாலாந்து அரசு 2024இல் தன் மாநிலத்துக்கே பேரிடர்க் காப்பீடு எடுத்திருக்கிறது, தமிழ்நாட்டால் முடியாதா? பட்டாவைக் கேட்காமல், குடியிருப்பதற்கான சான்றை வைத்தே பாலிசியும் நிவாரணமும் தர வேண்டும். குடிசைக்கும் வீட்டுக்கும் இடையிலான பதினைந்து மடங்கு பாகுபாட்டை நீக்க வேண்டும், ஏனென்றால் நிவாரணம் திரும்பக் கட்டுவதற்கான பணம், இழந்த ஓலையின் விலை அல்ல. ஊராட்சிக் கணக்கை ஊர், காலனி எனக் குடியிருப்புவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் குடியிருப்பில் ஒரு கணக்கெடுங்கள். எத்தனை வீடு, எத்தனைக்குப் பட்டா, எத்தனை ஓலை, எத்தனைக்கு பாலிசி. மூன்று நிறுவனங்களிடம் ஊர்த் தெரு வீடு ஒன்றுக்கும் காலனி வீடு ஒன்றுக்கும் கொட்டேஷன் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதங்களோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளில் வரிசையாக நிற்போம். புயலுக்குப் பிறகு டோக்கன் வாங்க நிற்கும் வரிசையைவிட இது நமக்குப் பெருமையான வரிசை.

ஜெய்பீம்.