குஷ்பு கற்பு சர்ச்சை

குஷ்பு கற்பு சர்ச்சை என்பது நடிகை குஷ்புவின் கருத்துக்கு எதிராக 2005இல் தமிழ்நாட்டில் எழுந்த போராட்டங்களையும் வழக்குகளையும் குறிக்கும். திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருவுறாமலும் நோய் தொற்றாமலும் தற்காத்துக்கொள்ள வேண்டும். படித்த ஆண், மணமகள் கன்னியாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கக் கூடாது என இந்தியா டுடே தமிழ் இதழில் அவர் கூறியிருந்தார்.

இது தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்துவதாகக் கூறி, பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினரும் துடைப்பம், செருப்பு ஏந்திப் போராடினர். ஆதரித்துப் பேசிய நடிகை சுகாசினியும் எதிர்ப்புக்கு உள்ளானார். கற்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்படுவதைப் பெரியார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எதிர்த்த மண்ணில், அது மீண்டும் பண்பாட்டின் அடையாளமாக முன்வைக்கப்பட்டது.

ஏப்ரல் 28, 2010 அன்று உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளையும் இரத்து செய்தது. கருத்துரைப்பது குற்றமன்று என்பதை நிறுவ அவருக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆயின.