எந்த நகரில் படிப்பது? முடிவெடுப்பது மாணவரா, சாதியா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் உத்திரமேரூர் வட்டாரச் சேரிகளில் எழும் கேள்வி: எங்கே படிப்பது? சென்னை ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவு, அங்கு அறை எடுத்துத் தங்கும் செலவைக் கூலிக் குடும்பங்கள் தாங்க இயலாது. ஆகவே காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிகளையும், செங்கல்பட்டு, செய்யாறு அரசுக் கல்லூரிகளையும் நோக்கி நம் பிள்ளைகள் செல்கின்றனர். நடுத்தர நகரமே நமக்கு ஏற்றது, செலவு குறைவு, வீடும் அருகில் என்று அறிவுரை கூறப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே.

பெருநகரில் ஓரளவேனும் கிட்டும் முகமறியாமை நடுத்தர நகரில் இல்லை. ‘எந்த ஊர், எந்தத் தெரு?’ என்னும் இரண்டே கேள்விகளில் வீட்டு உரிமையாளர் சாதியை அறிந்துகொள்கிறார். ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருக்க, அறை மட்டும் ‘முடிந்துவிட்டது’.

இது புதிதன்று. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் பரோடாவுக்குப் பணியாற்றச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பட்டங்கள் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. மக்களாட்சியின் தொட்டில் எனப் புகழப்படும் உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் குடவோலைக் கல்வெட்டும், நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையோரையே உறுப்பினர் தகுதிக்குரியோராக வரையறுத்தது. மனையற்றவர் அன்றும் வெளியேதான் நின்றனர்.

அறை கிட்டாத மாணவர் நாள்தோறும் பேருந்தில் செல்கிறார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 முதல் கட்டணமில்லை; அது பெரும் உதவி. எனினும் கடைசிப் பேருந்தின் நேரமே ஒரு மாணவியின் நூலக நேரத்தையும் ஆய்வக நேரத்தையும் வரையறுக்கிறது. ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கலை, அறிவியல் இளநிலைப் படிப்பில் விடுதியில் தங்காத பட்டியல் சாதி மாணவருக்கான கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், அதாவது மாதம் 250 ரூபாய். அரசு விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை உணவு.

எனவே, நகரத்தைத் தேர்ந்தெடுப்பது தனிமனித விருப்பம் மட்டுமன்று. அது உரிமைச் சிக்கல். தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது, 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம் என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் அறிவோம். ஆகவே மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், முகவரி, உடனிருந்த சாட்சி ஆகியவற்றை மாணவர்கள் குறித்து வைக்க வேண்டும்.

அரசிடம் நாம் கோருபவை மூன்று: கல்லூரி தொடங்கும் முன்பே விடுதிச் சேர்க்கை முடிய வேண்டும், கல்விப்படி ஆண்டின் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும், மாலை வகுப்பு முடிந்த பின்னரும் கிராமங்களுக்குப் பேருந்து இயங்க வேண்டும்.

கல்லூரியில் இடம் கொடுத்துவிட்டு, நகரில் இடம் மறுப்பது சமூகநீதி ஆகாது.