நொண்டுற இளநாய்க்கு வலி மருந்து வேணுமா?

கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து தோட்டத்துக்கு வந்து சேர்ற நாய்கள் இப்போ அதிகம். ஃப்ளாட்டுல ஆசையா வாங்கின லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் பத்து மாசத்துல பின்னங்காலை இழுக்க ஆரம்பிக்கும். "காட்டுல ஓடியாடினா சரியாயிடுங்க"ன்னு சொல்லி விட்டுட்டுப் போவாங்க. அப்படி வந்த ஒண்ணு எங்க சாளையிலயும் இருக்கு. அதுக்கு வலி மருந்து கொடுக்கலாமான்னு வீட்டுல பட்டிமன்றமே நடந்தது. என் கட்சி: கொடுக்கணும். ஆனா காரணம் தெரிஞ்சு கொடுக்கணும்.

முதல்ல ஒண்ணு. ஓடியாடினா இது சரியாகாது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதிகமா வர்றது இடுப்பு மூட்டுக் கோளாறு. தொடை எலும்போட உருண்டை முனை இடுப்புக் குழியில சரியா உட்காராம ஆடும். பரம்பரையா வர்றது; குட்டியில வேகமா எடை ஏறினா இன்னும் மோசமாகும். குடம் தேய்ஞ்ச வண்டிச் சக்கரத்தை ஓட்ட ஓட்ட என்ன ஆகும்? அதேதான்.

"கத்தவே இல்லையே, வலி எங்க இருக்கு?"ன்னு கேக்கறாங்க. நாய் வலிக்குக் கத்தாது. காலையில எந்திரிக்கத் திணறும். முயல் மாதிரி பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தாவும். இடுப்பைத் தொட்டா உறுமும். அதுதான் அதோட பேச்சு.

"வலி இருந்தாத்தானே அடங்கிக் கிடக்கும்"னு இன்னொரு கட்சி. வலிக்கிற காலை நாய் ஊன்றாது. ஊன்றாத காலில் தொடைச் சதை சூம்பிப் போகும். அந்த ஆடுற மூட்டைப் பிடிச்சு நிறுத்தறதே சதைதான். மருந்து கொடுத்து, கயிறு கட்டி, தினமும் அளவா நடக்க விடணும். மருந்து கொடுத்துட்டு அவிழ்த்து விட்டு ஓட விட்டா, அதுவும் கெடுதல்தான்.

"கிட்னி போயிடும்"ங்கற பயத்துல நியாயம் இருக்கு. அதுக்குத்தான் ரத்தப் பரிசோதனை: மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, தொடர்ந்து கொடுத்தா நடுநடுவே. எடைக்குத் தகுந்த அளவு, சாப்பாட்டுக்கு அப்புறம். வாந்தி, கருப்பா மலம், சாப்பாட்டை மறுக்கறது - எது தெரிஞ்சாலும் நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

பெரிய ஆபத்து நம்ம வீட்டு மாத்திரை டப்பாவுலதான் இருக்கு. ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயோட வயித்துல புண்ணாக்கி, கிட்னியைக் கெடுத்துடும். கார்ப்ரோஃபன், மெலாக்ஸிகாம்னு நாய்க்குக் கொடுக்கற மருந்துகள் இருக்கு. அளவை டாக்டர் சொல்லட்டும். ஏற்கனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா அதை மறைக்காம சொல்லணும். ரெண்டும் சேர்ந்தா வயிறு தாங்காது.

எக்ஸ்ரே எடுக்காம மாசக்கணக்கா மாத்திரை கொடுக்கறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். உண்ணிக் காய்ச்சல்லகூட நாய் நொண்டும். அதுக்கு மருந்தே வேற. மூட்டுக் கோளாறுதான்னு உறுதியானா, அறுவை சிகிச்சை பத்தியும் அப்பவே கேட்டுடணும். சில அறுவைகளைச் சின்ன வயசுலதான் செய்ய முடியும். வேப்பேரி, நாமக்கல் கால்நடைக் கல்லூரிகள்ல விசாரிக்கலாம்.

செலவே இல்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு: சோத்தைக் குறைக்கறது. அமெரிக்காவுல 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் 25 சதவீதம் குறைச்சலா தீனி போட்டு ஆயுசு முழுக்கப் பாத்தாங்க. முடிவு 2002-ல வெளியாச்சு. குறைச்சலா தின்னது கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு. மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்துச்சு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். "பாவம், இளைச்சிருக்கு"ன்னு பிஸ்கட் போடறவங்ககிட்ட இருந்துதான் நாயைக் காப்பாத்த வேண்டியிருக்கு.

கறவை மாடு நொண்டினா அன்னைக்கே டாக்டருக்குப் போன் போகுது, பால் குறையும்ங்க. நாய் நொண்டினா நமக்கு எதுவும் குறையறதில்லை. அதனாலதான் தள்ளிப் போடறோம். பத்து மாசக் குட்டிக்கு இன்னும் பத்து வருஷம் பாக்கி இருக்கு. நாயைத் தோட்டத்துக்கு அனுப்பறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சீட்டையும் கூடவே அனுப்புங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.