சப்வூஃபர்: கடை அதிர்ந்தால் போதுமா?

ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர் ஹோம் தியேட்டருக்கு நல்ல சப்வூஃபர் தேடினால், கேட்டுப் பார்த்து வாங்க மலையை விட்டு இறங்கி போளூருக்கோ திருவண்ணாமலைக்கோதான் போக வேண்டியிருக்கும். கடைக்காரர் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டு ஒலியைக் கூட்டுவார். ஷோகேஸ் கண்ணாடி அதிரும், நெஞ்சும் அதிரும். பெட்டி பஸ் ஏறிவிடும். வீட்டில் வைத்துக் கேட்டால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'தொம் தொம்'! திருப்பிக் கொடுக்க மறுபடியும் அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும்.

தவறு எங்கே? கடை அதிர்ந்ததை வைத்து மதிப்பெண் போட்டதில்தான். நல்ல சப்வூஃபர் தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது; அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்தது போலிருக்கும்.

பவர்டு சப்வூஃபரில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது பார்த்துக்கொள்ளும்; மற்ற ஸ்பீக்கர்களுக்குச் சுமை குறையும். அட்டையில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அதுவும் 100 வாட்ஸ் 200 ஆனால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். ஆனால் 40 ஹெர்ட்ஸிலிருந்து 20-க்கு இறங்கி அதே சத்தம் தர, கூம்பு 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்னப் பெட்டி 20 ஹெர்ட்ஸ் வரை போகும் என்றால், எத்தனை டெசிபல் குறைந்தபின் என்று கேளுங்கள்.

அடுத்தது அறை. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். அது பெட்டியின் குணமல்ல, அறையின் குணம். மூலையில் வைத்தால் வீக்கம் இன்னும் கூடும். இதற்கு எளிய வழி உண்டு. பெட்டியை உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்க வேண்டும். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டிக்கு இடம்.

சோதிக்க வெடிச்சத்தம் வேண்டாம். எந்தப் பெட்டியும் வெடியை வெடியாகத்தான் காட்டும்! தவிலையும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தையும் போட்டுக் கேட்கலாம். ஒரு அடி முடிந்து அடுத்த அடி விழும் முன் இடைவெளி தெரிகிறதா? பிறகு வசனக் காட்சி. ஆண் குரல் பெட்டியிலிருந்து வருவது போல் கேட்டால் கிராஸ்ஓவரைக் குறைக்க வேண்டும். கடைசியாக, ஒலியை நன்றாகக் குறைத்துக் கேட்க வேண்டும். தினமும் கேட்கப்போவது அந்த அளவில்தானே?

இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. தாழ்ந்த ஒலியைச் சுவர் தடுப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். ஆனால் அது 'ஏ' அளவுகோலில். அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் பேசாமல் இருக்கும், அடுத்த வீட்டுப் பரணில் பாத்திரம் பேசும்! விதியை மீறவில்லை என்பது சமாதானமாகுமா?

இதே ஜவ்வாது மலையில், காவலூரில், இருட்டை நம்பித்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இரவின் அமைதியும் அந்த இருட்டைப் போன்ற சொத்துதான். அதைக் கெடுக்காமல் தவிலின் அடியைத் தெளிவாகச் சொல்லும் பெட்டி 8 அங்குலமே இருந்தாலும் போதும். கடையை அதிரவைத்த பெட்டி கடையிலேயே இருக்கட்டும்.