தரங்கம்பாடிக்கு அரைமணி நேரமா?

திருக்கடையூரையும் காரைக்காலையும் வேளாங்கண்ணியையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக வாக்களிக்கும் சுற்றுலா அறிக்கையொன்று இந்த வாரம் என் கைக்கு வந்தது. அதில் தரங்கம்பாடிக்கு ஒதுக்கப்பட்டிருந்த அவகாசம் அரைமணி நேரமே என்று கண்டதும் மனத்தில் மூண்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை.

1792-இல் கட்டிய நகரவாயிலுக்குள் நுழைந்து, சந்தடியற்ற கிங்ஸ் தெருவில் நிதானமாக நடந்து, ரகுநாத நாயக்கரின் சம்மதத்தோடு 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய கோட்டையைச் சுற்றிவிட்டு, முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயிலின் அருகே சற்று உட்காருவதற்கே அரைநாள் வேண்டும். அவ்வூரின் பெரும் பொக்கிஷமோ கண்ணுக்குத் தென்படுவதன்று; அது அங்கே நடந்த அச்சுவேலை.

1706-இல் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் அட்சரங்களைக் கற்றார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டி அட்டவணையும் வகுத்தார். பின்னர் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தபோது, அவை அளவில் மிகப் பெரியனவாக இருந்தன. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். ஓர் எழுத்து பருத்தால் பக்கங்கள் பெருகும், பக்கங்கள் பெருகினால் புத்தகம் பாதியிலேயே நின்றுபோகும். ஆகவே அச்சகத்தார் ஊக்கம் தளராமல், உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். சுழியும் கொம்பும் காலும் சிதையாமல் ஓர் எழுத்தைச் சிறிதாக்குவது எத்தகைய நுட்பமான காரியம் என்பதை, ஈய எழுத்துகளைக் கோத்துப் பழகியவர்கள் அறிவார்கள்.

இக்காலத்துத் தமிழ்ப் புத்தகங்களின் அச்சைப் பற்றி நான் குறைபட்டுக்கொள்வது இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதிதன்று. ஒற்றுப்பிழை மலிந்து, வரிகள் நெருக்கியடித்து, ஓரத்தில் விரல் வைக்கவும் இடமின்றி வெளிவரும் நூல்களைக் காணும்போதெல்லாம் அந்தக் கடற்கரை அச்சகத்தையே நினைத்துக்கொள்கிறேன். பிறமொழியில் பிறந்தவர் நம் எழுத்தின் பொருட்டு அவ்வளவு சிரத்தை கொண்டிருக்க, சகல வசதிகளும் பெற்ற நாம் பிழைதிருத்த ஒரு வாரம் செலவிடத் தயங்குவது நியாயமாகாது. பதிப்பாளர்கள் ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போய்வர வேண்டும். அரைமணி நேரத்துக்கன்று, முழுதாக ஒரு நாளுக்கு.