எழுத்தே முதல் அழகு

இணையப்பக்க வடிவமைப்பு என்றதும் வண்ணமும் படமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. படிக்க இயலாத பக்கம் எத்துணை எழிலுடைத்தாயினும் பயன் என்ன? முன்பு எழுத்துருவுக்கொரு குறியீடு இருந்தது. ஒரு கணினியில் தமிழாயிருந்தது மற்றொன்றில் கிறுக்கலாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது.

ஆயினும் நாம் இன்றும் அறிவிப்புகளைப் படமாக்கியே வெளியிடுகின்றோம். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதில் காணாது. பார்வையற்ற மாணவர்க்குத் திரைபடிப்பான் செவ்வனே வாசித்துக் காட்டாது. வேலப்பன்சாவடியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவரோ கைப்பேசியின் சிறு திரையில்தான் படிக்கின்றார். இவர்களுக்கு எட்டாத வடிவமைப்பு வாயிலில்லா மாளிகையே. நம் கல்லூரி மலர்களையேனும் ஒருங்குறியில் ஏற்றுவோம். நாளைய தலைமுறை தேடுங்கால் அவை கிட்ட வேண்டும் என்பதே நம் அவா.